மறியலில் மாட்டிய ராஜதூதன்

இன்று கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் என் புதுக்கதையைச் சொன்னேன்.

கதை இதுதான்: 1987, இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ராஜா காலத்துத் தூதன் ஒருவன் ஓலையோடு குதிரையில் வந்து அங்கே மாட்டிக்கொள்கிறான்.

“குதிர தாண்டாதா?” என்றார் அக்கா.

“தாண்டினா கதையே இல்லக்கா.”

“அந்த மறியல்ல நானே தாண்டுனேன் தம்பி. நெறமாசம். பஸ்ஸு மரத்துக்கு இந்தாண்டயே நின்னுக்கினு இருந்துச்சி. மறியல் பண்ண ஆளுங்கதான் கையப் புடிச்சித் தூக்கி வுட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். பெரியவ அன்னிக்குதான் பொறந்தா.”

பிறகு அக்காவே என் கதைக்குத் திரும்பினார்.

“சரி, ஓலையில இன்னா எழுதியிருக்குது?”

“இன்னும் யோசிக்கலக்கா.”

“அதுகூட தெரியாமயா அவன அனுப்பிச்ச?” என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

ஓலையில் என்ன எழுதலாம்? நீங்களாவது சொல்லுங்கள். தூதன் இன்னும் வெயிலில்தான் நிற்கிறான்.