முதலில் பார்ப்பது என் உடுப்பைத்தான்

உளவளத்துணை வேலையில் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் உடுப்பு பேசிவிடுகிறது. அது என்ன சொன்னது என்பது நமக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். பதுளையில் ஓர் அறையிலும், கிழமையில் சில நாட்கள் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் உட்கார்ந்து மற்றவர்களின் கவலையைக் கேட்பது என் தொழில். இதே தொழிலில் இருந்துகொண்டு தினமும் சந்தேகப் பார்வை வாங்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், உடுப்புகளை மாற்றவில்லை.

வெள்ளைச் சேலை

முதன்முதலில் போனது லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. பகட்டாக இல்லாமல் அமைதியாக இருக்கட்டும் என்று நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கால் வைத்ததும் ஒவ்வொரு காம்பராவாகக் கதவு சாத்தத் தொடங்கியது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பீலிக் குழாய்த் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த செல்லம்மா மட்டும் நகரவில்லை.

மனசு கஷ்டப்படுகிறவர்களோடு பேச வந்திருக்கிறேன் என்றேன். "கஷ்டம் எல்லாருக்குந்தாங்க இருக்கு" என்றாள். "பேசினா கொஞ்சம் கொறையுங்க" என்றேன். அவ்வளவுதான், முகம் இறுகிவிட்டது. அதற்கு முன் வெள்ளை உடுத்தி வந்த யாரோ இதையேதான் சொன்னார்களாம். பேசி முடித்துவிட்டுச் சுவரில் இருந்த மாரியம்மன் படத்தைக் கழற்றச் சொன்னார்களாம். நான் அந்த ஆள் இல்லை என்பதற்கு என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். கிட்ட வந்து உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தப் பொட்டு எப்பவும் வைக்கிறதா மிஸ், இல்ல இங்க வர்றதுக்காக இன்னிக்கு வச்சதா?"

பையைத் திறந்து காட்டியது

வெள்ளையும் வேண்டாம், சேலையும் வேண்டாம் என்று அடுத்த தோட்டத்துக்கு பேண்டும் நீளச் சட்டையும் போட்டு, தோளில் பெரிய கைப்பையோடு போனேன். பிள்ளை பெற்றதிலிருந்து தூங்காமல் அழுதுகொண்டிருந்த ரேவதியைப் பார்க்கும்படி தோட்டத்து மருத்துவிச்சி சொல்லியிருந்தார். ரேவதியின் புருஷன் குமார் வாசலை மறித்து நின்றான்.

"நீங்க எந்த ஏஜென்சி?"

"ஏஜென்சி இல்லங்க, ரேவதியோட பேசத்தான் வந்தேன்."

"பையத் தொறங்க."

குடை, சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல். பாஸ்போட் கீஸ்போட் இருக்கிறதா என்று உள்பை வரைக்கும் கைவிட்டுத் துழாவினான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் ஒருவன் இவ்வளவு பயப்படுகிறான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று பட்டது. "நீங்களும் உள்ள வந்து இருங்க, என்ன பேசுறேன்னு கேளுங்க" என்றேன். ரேவதியோடு பேசி முடிக்கும்வரை கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பை அவன் கையிலேயே இருந்தது.

அடுத்த தடவை போனபோது ரேவதி கொஞ்சம் தெளிந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒடிசலான இன்னொரு பெண், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குமாரின் அக்கா. அரபு நாட்டு வீடொன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. குமார் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "இவள ஏத்தி அனுப்பினவளும் இதே மாதிரி பேண்ட் போட்டுக்கிட்டு, இதே மாதிரி அன்பாத்தான் பேசினா. பேசிப் பாருங்க மிஸ், நான் இங்கயேதான் நிப்பேன்."

தம்பியின் கடைச் சரக்கு

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பேண்ட் கதையைக் கேட்டுவிட்டு, "நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு போங்கோ பிள்ளை, சனம் மதிக்கும்" என்றார். சொன்னபடியே தவிட்டு நிறத்தில் ஒரு நல்ல சேலை எடுத்துக் கட்டினேன். அன்றைக்கு என் அறைக்கு வந்தவர் பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். நெஞ்சு வலிக்கிறது என்பார். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி டொக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். ஸலாம் சொல்லி உட்கார்ந்தவரின் கண் என் முந்தானைக் கரையில் நின்றுவிட்டது.

"இது எங்கட தம்பிட கடைச் சரக்கு. இந்தக் கரை பதுளையில வேற எங்கயும் இல்ல. அவன்தானே உங்கள ஏவி விட்டது?"

"உங்கள அனுப்பினது டொக்டர், ஹாஜியார்."

"டொக்டர் பொஞ்சாதியும் அங்கதான் துணி எடுக்கிறா."

எழுந்து கதவுவரை போய்விட்டார். "சரி, தம்பி அனுப்பியிருந்தா என்ன கேட்டு அனுப்பியிருப்பார்?" என்றேன். கதவில் வைத்த கையை எடுத்தார். பிறகு வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். வாப்பா மவுத்தாகிச் சொத்து பிரிந்ததும் கடைக்கு நடுவில் சுவர் எழும்பியது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருமினால் இவருக்குக் கேட்குமாம். மழைக்காலத்தில் நிறைய இருமுவானாம். சொல்லும்போதே அழுதுவிட்டார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்பவும் என் கரையை ஓரக்கண்ணால் பார்த்தார்: "அடுத்த கிழமை வேற சேலை கட்டிட்டு வாங்க மிஸ். எங்கட கடையில எடுக்கச் சொல்லல்ல. அவன்ட சேலைக்கு முன்னால இதுக்கு மேல அழ ஏலா."

நிவாரணச் சட்டை

மண்சரிவில் வீடிழந்தவர்களைப் பாடசாலை மண்டபமொன்றில் தங்கவைத்திருந்தார்கள். அங்கே வந்த அதிகாரிகள் எல்லோரும் பூட்ஸும் மழைக்கோட்டுமாக வந்து சேதத்தை அளந்து போனதால், நான் சாதாரணச் சுடிதாரில் போனேன். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெண்ணின் பெயர் பாக்கியம். அவள் போட்டிருந்த பச்சைச் சுடிதார்ச் சட்டையைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. கழுத்தில் மஞ்சள் பூவேலை. நான் நிவாரணத்துக்குக் கொடுத்த என் சட்டை.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். "என்னங்க அப்பிடிப் பாக்கிறீங்க? முறையாத்தான் குடுத்தாங்க, நானா எடுத்துக்கல" என்று துப்பட்டாவை இழுத்து மூடினாள். என்னுடையது என்று சொன்னால் கூனிக் குறுகிப்போவாள். "நிறம் உங்களுக்கு நல்லா இருக்கு, அதான்" என்றேன். நம்பவில்லை, ஆனாலும் உடுப்பைப் பற்றிய பேச்சு அவள் வாயைத் திறந்துவிட்டது. கல்யாணச் சேலை பெட்டியோடு மண்ணுக்குள் இருப்பதையும், கண்ணை மூடினால் அந்தப் பெட்டிதான் தெரிகிறது என்பதையும் சொன்னாள். கணவன் உயிரோடு இருக்கும்போது சேலைக்கு அழுவதா என்று மற்றவர்கள் ஏசுவார்கள் என்று அதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். ஆசைதீர அழுதாள். எழுந்து போகும்போது சட்டையின் கையைத் தூக்கித் தையலைக் காட்டினாள்: "யாரோ நல்லாப் போட்டு அனுபவிச்சுட்டுத்தாங்க குடுத்திருக்காங்க, கக்கமெல்லாம் கிழிசல்."

சிவப்புச் சுவெட்டர்

மகேஸ்வரி எப்போதும் கொழுந்தெடுக்கப் போகும் உடுப்பும் சிவப்புச் சுவெட்டருமாகத்தான் என் அறைக்கு வருவாள். கிளினிக் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவது வழக்கம். அடிக்கிற புருஷன், பதுளையில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஒரு நாள் சுவெட்டருக்குள் நல்ல சேலை கட்டி, தலைவாரி, அமைதியான முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். நெடுநாள் கலங்கிய ஆள் திடீரென்று அமைதியாகிவிட்டால் நாம் எதைச் சந்தேகிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். "சாகலாம்னு ஏதாவது முடிவெடுத்திருக்கியா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"இல்ல மிஸ். மொனராகலைக்குப் போறேன். லீவுன்னு சொல்லிப் புள்ளைங்கள ஏற்கனவே தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்." பிறகு தயங்கினாள். "பஸ் ஸ்டாண்ட் ஓட்டோக்காரனுங்க எல்லாம் அவரு கூட்டாளிங்க. இந்தச் சிவப்பத் தூரத்துலயே கண்டுக்குவானுங்க. உங்க சுவெட்டரக் குடுங்க."

வருகிறவர்களோடு பொருள் கொடுக்கல் வாங்கல் கூடாது என்று படித்திருக்கிறோம். நான் கழற்றிக் கொடுத்தேன். தன் சிவப்பை நாற்காலியில் விட்டு, என் பழுப்புச் சுவெட்டரை மாட்டி, தலையைச் சேலையால் மூடிக்கொண்டு அவள் போனாள். பின்னேரம் மழை பிடித்தது. குளிருக்கு, யோசிக்காமல் அவளுடைய சிவப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போது அவள் புருஷன் வந்து நின்றான்.

"மகேஸ்வரி எங்க?"

"இங்க வர்றவங்களப் பத்தி யார்கிட்டயும் சொல்றதில்லங்க. நீங்க வந்தா உங்களப் பத்தியும் சொல்லமாட்டேன்."

அவன் என் சுவெட்டரையே பார்த்தான். "எம் பொஞ்சாதிக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்றான். பக்கத்து அறையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டதால் போய்விட்டான். அதன் பிறகு பல நாள் எந்த ஓட்டோவைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு அடித்தது. மகேஸ்வரி பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் எனக்குப் போன் எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தாள், அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நல்லா இருக்கேன் மிஸ். ஆனா உங்க சுவெட்டரப் போடவே முடியல, இங்க வெயில் கொளுத்துது."

எதை உடுத்திப் போனாலும் யாராவது சந்தேகப்படத்தான் போகிறார்கள் என்பது உறுதியாகிவிட்டதால், இப்போதெல்லாம் நான் பதுளை மழையை மட்டும் பார்த்துவிட்டு உடுத்துகிறேன்.