புஷ்பம் அக்காவின் உமிப்பெட்டி

புஷ்பம் அக்கா இறந்த செய்தியை, எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் என் கணவர்தான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் உடனே உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பையனின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். கெட்ட செய்தி எதுவானாலும் என் கால் முதலில் அங்கேதான் போகும். அக்காவுக்கு அது தெரியும். முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் இதை எழுத உட்கார முடிந்திருக்கிறது.

விறகை மிச்சம் பிடிக்கக் கற்றுத்தர அவர் வெள்ளக்கடை, கொட்டச்சேடு என்று மலைக் கிராமங்களுக்குப் பஸ் ஏறி இறங்கியதை இங்கே இருக்கும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சுப் பெட்டிக்குள் சாக்கு விரித்து, காப்பி உமியைத் திணித்து, பானை உட்காரக் குழி விடச் சொல்வார். கொஞ்ச நேரம் கொதித்த சோற்றை இறக்கி அதில் வைத்து, உமித் தலையணையால் அமுக்கி மூடிவிட்டால் மிச்ச வேக்காட்டைச் சூடே பார்த்துக்கொள்ளும். எல்லாம் நம் கையாலேயே செய்ய வேண்டும். "உமி நகத்துக்குள்ள போனாத்தானுங்க பாடம் உள்ள போகும்" என்பார்.

எனக்கு விறகைவிடப் புகைதான் கவலை. பையனுக்கு இளைப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு எரிந்தாலே அவன் நெஞ்சு விசிலடிக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் திறக்க முடியாது. அடுப்பெரியும் நேரம் குறையாவிட்டால் சேலத்துக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று துணிமூட்டைகூடக் கட்டி வைத்திருந்தேன்.

பெட்டி செய்தேன். சோறு அரைவேக்காடு. மறுநாளும் அப்படியே. மறுபடி அடுப்பு, மறுபடி புகை. கொட்டச்சேட்டில் நடந்த அடுத்த வகுப்புக்குப் பையனையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய், இது ஏமாற்று வேலை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. அன்று வகுப்பில் கொதிக்கவைத்த சோற்றுப் பானையை என் பெட்டியிலேயே வைத்து மூடினார். "ஏனுங்க கண்ணு, ஊட்டுல எத்தனை வாட்டி தொறந்து பாத்தீங்க?"

பதில் சொல்வதற்குள் என் கை மூடிக்குப் போயிருந்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா பெட்டிமேல் ஒரு பலகையைப் போட்டு என்னை உட்காரவைத்து, பையனை மடியில் கொடுத்தார்.

"கோழி அடையில உக்காந்துருச்சுங்க" என்றார் ராகிக் காட்டிலிருந்து வந்திருந்த ராமாயி. "குஞ்சு பொரிக்காம எந்திரிக்க உட்றாதீங்க."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க எட்டிப் பாக்குறதால சோறு வேகாதுங்க கண்ணு. பாக்காம இருந்தாத்தான் வேகும்."

எழுந்துவிடக் கால் துடித்தது. சேர்வராயன் கோயில் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி வந்தது. பையன் மடியிலேயே தூங்கிப்போனான். நெஞ்சில் விசில் இல்லை. பலகையை எடுத்தபோது சோறு பூவாக மலர்ந்திருந்தது. ராமாயிதான் முதலில் கை நீட்டினார். வீட்டுக்குப் போய்த் துணிமூட்டையைப் பிரித்தேன்.

இளைப்பு முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. என் பதற்றம் அவ்வளவுகூடக் குறையவில்லை. செய்தி வந்த அன்றும் சோறு பெட்டியில்தான் இருந்தது. பையனின் மூச்சைப் பார்த்த கை நேரே மூடிக்குத்தான் போனது. திறக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தேன். கணவர் பசியோடு நின்றார். "இன்னுங் கொஞ்ச நேரமுங்க" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த உட்கார்வு ஒன்றுதான். அவருக்காக அழுததும் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான், சோறு வேகும்வரை.