கடல் பார்க்காதவள் சொன்ன கடற்கரை

இலங்கையின் மலையூரான எல்லயில் நஸ்மியா நடத்தும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது, சிவசக்திக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பண்டாரவளையில் படித்தவள். மொனராகலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனதுதான் அவளுடைய பெரிய பயணம்.

ஆனால் விடுதிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலைச்சறுக்குக்காகக் கிழக்குக் கரையின் அறுகம்பைக்கு இறங்குகிறவர்கள். “அங்க எந்த பீச் எங்களுக்குச் சரி வரும்?” என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால், அறுகம்பையிலிருந்து ரயில் பிடிக்கத் திரும்பி வருகிறவர்களிடம் ரொட்டியும் சம்பலும் பரிமாறும்போதே பேச்சுக் கொடுப்பாள். எங்கே விழுந்தீர்கள், தரை மணலா, பாறையா, பயந்தீர்களா என்று விசாரிப்பாள். மெயின் பாயிண்ட் என்ற இடம் நன்றாகப் பழகியவர்களுக்கு, அடியில் பாறை. பேபி பாயிண்டில் அலை சின்னது. முதல்முறை பலகையில் ஏறுகிறவர்களுக்கு ஏற்றது. தெற்கே பீனட் ஃபார்ம் கரையில் பாறையோரம் பெரிய அலை, தள்ளி மணலோரம் சின்ன அலை. இப்படி ஒவ்வொன்றாக மனதில் ஏற்றிக்கொண்டாள். போனவர்கள் நன்றி சொல்லிப் படம் அனுப்பினார்கள். சிவசக்தியைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று நஸ்மியாவே சொல்லத் தொடங்கினாள்.

போன ஆகஸ்டில் சென்னையிலிருந்து அக்காவும் தங்கையுமாக இருவர் வந்தார்கள். அக்கா தேன்மொழி கோவளத்தில் பல வருடமாக அலையில் சறுக்குகிறவள். தங்கை யாழினி பலகையைத் தொட்டதுகூட இல்லை. ஆளுக்கொரு கரையாகப் பிரிய இருவருக்கும் மனமில்லை.

“அப்ப பீனட் ஃபார்முக்குப் போங்க. தங்கச்சி மட்டும் மணல் பக்கமே இருக்கணும். பாறைப் பக்கம் விட்டுறாதீங்க” என்றாள் சிவசக்தி.

மறுநாள் விடியுமுன்பே அவர்களை வேனில் கூட்டிப்போனவர், விடுதிக்கு வழக்கமாக ஓட்டும் அஸ்ஹர். மதியத்துக்கு முன்பே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. காற்றுச் சத்தத்தில் பாதி வார்த்தை காணாமல் போனது.

“சக்தி, அந்தப் புள்ளைக்குப் பாறையில அடிபட்டுட்டுது. ரத்தம்... பொத்துவில் ஆஸ்பத்திரிக்கு...”

அதோடு அறுந்தது. திரும்ப எடுத்தால் கிடைக்கவில்லை. சகோதரிகளின் போனும் அடிக்கவில்லை. யாழினியின் முகம் கண்முன்னே வந்து நின்றது. தான் பார்த்தேயிராத ஓர் இடத்துக்கு, நீந்தவும் சரியாகத் தெரியாத பெண்ணை அனுப்பி வைத்தோமே என்று நினைத்தபோது, பரிமாற எடுத்த தட்டோடு அடுப்படி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

நஸ்மியா தட்டை வாங்கி வைத்தாள். “இங்க இருந்துகொண்டு அழுறதால என்ன? வெல்லவாய பஸ் இப்ப வரும். போய்ப் பாத்துட்டு வா. வேலைய நான் பாக்குறேன்.”

வெல்லவாய, மொனராகலை, அங்கிருந்து பொத்துவில். பஸ் இறங்க இறங்கக் காற்று சூடானது. வழியில் என்ன பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதே ஓடிக்கொண்டிருந்தது. பொத்துவிலை நெருங்கும்போதுதான் அஸ்ஹரின் போன் மறுபடி கிடைத்தது. பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதைச் சொன்னாள்.

“நீ ஏன் வந்த? நாங்க ஆஸ்பத்திரிய விட்டு வந்துட்டம். அறுகம்பைப் பாலத்துக்கிட்ட சாப்பாட்டுக் கடையில இருக்கிறம்.”

ஆட்டோவில் போய் இறங்கினாள். கடையின் பின்வாசல் மேசையில், காலில் கட்டுப் போட்டு நாற்காலிமேல் நீட்டி வைத்திருந்தவள் தேன்மொழி. எதிரே யாழினி தலைமுடியெல்லாம் மணலாக, பொரித்த மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

சிவசக்தி அப்படியே நின்றுவிட்டாள். “அடிபட்டது நீங்களா அக்கா?”

“நானேதான். அலையிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு பாறைமேல் நடந்தேன். கிழிச்சிடுச்சு. தையல் போட்டிருக்காங்க, வேற ஒண்ணுமில்லை” என்றாள் தேன்மொழி. “நீங்க இவளுக்குத்தானே அத்தனை புத்தி சொன்னீங்க? எனக்கு யாருமே சொல்லலை.”

“நான் இன்னைக்கு எழுந்து நின்னேன்” என்றாள் யாழினி. “கரை வரைக்கும் விழாம வந்தேன்.”

சிவசக்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. அஸ்ஹர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கும் சோறு சொன்னார். பசி அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்தபோது யாழினி கேட்டாள்: “கடல் எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?”

சிவசக்தி திரும்பிப் பார்த்தாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் பின்னால் பத்தடி மணல், அதற்கப்பால் எல்லாம் தண்ணீர். அது பெரிதாக இருக்கும் என்று தெரியும். இப்படி ஓயாமல் சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முழங்கால்வரை அலை வந்து இழுத்தது. யாழினி கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் மலைக்குப் புறப்பட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சியம்பலாண்டுவ தாண்டுவதற்குள் தூங்கிப்போனவளை, பஸ் மாற வேண்டிய மொனராகலையில் கண்டக்டர் தோளைத் தட்டித்தான் எழுப்பினான்.