எரிசாராயம் என்று சொன்ன பாவத்துக்கு

எத்தனால் என்றே சொல்லித் தொலைத்திருந்தால் வம்பு வந்திருக்காது. வேதியியல் வாத்தியாராக இருந்தும் தமிழ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வீம்பு. எந்தெந்த நாட்டில் வண்டிகள் எந்தப் பசுமை எரிபொருளில் ஓடுகின்றன என்று மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயில் கூட்டத்தில் பேசச் சொல்லியிருந்தார்கள். ஓர் ஆங்கிலச் சொல் வராமல் பேசுகிறேன் என்று சவடால் விட்டுவிட்டேன். அதில்தான் எத்தனால் எரிசாராயம் ஆனது.

நான் குடியை விட்டு அப்போது பதினோரு மாதம். மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்தவன். என் மனைவி அதை முழுசாக நம்பிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை மொட்டைமாடியில் நின்று, பெருங்குடியில் வேலை பார்க்கும் நண்பனிடம் போனில் விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிரேசில்ல சுத்தமான எரிசாராயத்த ஊத்திக்கினு போறானுங்க மச்சி. நம்ம இருபதோட நிறுத்திக்கறோம். பழைய வண்டி, அதுக்கு மேல தாங்காது.”

வாளி தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். துணி காயப்போட வந்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

“மாதாவயே ஏமாத்திட்டீங்களே!”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பேச்சுக்காக எழுதிய தாள்களை அவள் கையில் திணித்தேன். ஈரக் கையோடு படித்தாள். பிரேசிலில் கரும்பு. சுவீடனில் சாப்பாட்டுக் கழிவிலிருந்து எடுத்த வாயுவில் ஓடும் பஸ். இந்தோனேசியாவில் டீசலோடு பாமாயில். நம் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எரிசாராயம்.

“அப்ப பழைய வண்டின்னது உங்கள இல்லியா?”

“என் ஸ்கூட்டர!”

அவ்வளவுதான், படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் கோபம் போய்விட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு, “ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க” என்றாள். “நீங்க ஸ்கூல் வுட்டு வந்ததும் தெனம் சட்டைய வாங்கி மாட்டறேன்ல, மோந்து பாக்கத்தான்.”

பதினோரு மாதமாக அதைப் பாசம் என்று நினைத்துப் பூரித்திருக்கிறேன். வலித்தது. ஆனால் அவளை அப்படி ஆக்கியவன் நான்தானே!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எரிசாராயம் என்று நான் சொன்னபோதெல்லாம் முன்வரிசையில் அவள் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி நானாகவே நீட்டினேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆணி அங்கதான இருக்கு? நீங்களே மாட்டுங்க.”

மாட்டிவிட்டு, பாடிக்கொண்டே முகம் கழுவப் போனேன்.