ஆறாம் மேசைக்கு நாலு கொத்து

கலவரத்துக்குப் பிறகு திகனவில் ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடை இன்றுதான் திறந்தது. குசினியில் ஓடர் துண்டு அடிக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று, கம்பியூட்டர் திருத்தும் என்னைக் கூப்பிட்டார்.

ரவுட்டர் அதற்குப் புது முகவரி கொடுத்திருந்தது. கம்பியூட்டரில் இருந்த பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். உடனே ஒரு துண்டு வந்தது: ஆறாம் மேசை, கொத்து ரொட்டி நாலு.

சமையல்காரர் பார்த்த கையோடு ரொட்டியைக் கொத்தத் தொடங்கிவிட்டார்.

"நிப்பாட்டுங்க அண்ணே! கடையில ஒருத்தரும் இல்ல. இது கலவரத்தன்னைக்கு பிரிண்ட் ஆகாம கம்பியூட்டர்ல சிக்கிக் கிடந்த ஓடர்!" என்றேன்.

நானா துண்டை வாங்கிப் பார்த்தார். "சாப்பிடாம எழும்பி ஓடினவங்க. நிப்பாட்டாதீங்க, போடுங்க" என்றார்.

அன்று ஆறாம் மேசையில் இருந்தவர்களே, உங்கள் கொத்து தயார். வாருங்கள்.

மூன்றுதான் மிச்சம். ஒன்றை நான் சாப்பிட்டுவிட்டேன்.