படலைக்கு வெளியே

மகளின் கலியாணத்தைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் அழைப்பிதழைத் தபாலில் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக்கு வீடு போய் வாயால் சொல்ல வேண்டும். தம்பதியாகப் போவதுதான் முறை. மனைவிக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் அறுபத்தாறு வயதில் நான் தனியே மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

"கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு போங்கோ. உங்கட முகத்தைப் பாத்தா ஆக்கள் பயப்பிடுவினம்" என்றாள் மனைவி. சிரித்தபடி பகிடிக்குத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அழைப்பிதழ்க் கட்டை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போர்க்காலத்தில் இயக்கத்தில் எனக்குக் கிடைத்த வேலை, பிள்ளைகள் இறந்த செய்தியைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சொல்வது. துவக்குப் பிடித்த காலத்தைவிட அதைச் செய்த காலம்தான் அதிகம். வேலிப் படலையைத் திறக்க முன்னமே எஞ்சினை நிறுத்திவிடுவேன். கதிரை தந்தாலும் உட்காரமாட்டேன். தாய் தனியே இருந்தால் சொல்லமாட்டேன். வீட்டில் வேறு ஆள் உண்டா என்று முதலில் கேட்பேன். விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே.

இரணைமடுப் பக்கத்து வீடுகளில் தேத்தண்ணி தந்தார்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தார்கள். சில வீடுகளில் என்னைக் கண்டதும் பெண்கள் எழுந்து நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கவனிக்காததுபோல அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிஞ்சியது கனகராயன்குளத்தில் மனைவியின் பெரியம்மா வீடு. மகளைக் கைக்குழந்தையில் தூக்கி வளர்த்தவர். அவர் வந்து வாழ்த்தாமல் தாலி ஏறக்கூடாது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வீட்டுக்கு நான் இரண்டு முறை செய்தி கொண்டுபோயிருக்கிறேன். மூத்த மகனுக்கு ஒருமுறை, இரண்டாமவனுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு மனைவியும் மகளும்தான் போய்வருவார்கள். கடைசி மகன் போரின் முடிவில் காணாமல் போனவன். இன்றுவரை தகவல் இல்லை.

அந்த வீட்டுக்கு ஒருமுறையாவது நல்ல செய்தியோடு போகவேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை இருந்தது.

காலை பத்து மணியிருக்கும். அவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். என் கை தன்பாட்டில் எஞ்சினை நிறுத்தியது. படலைவரை உருட்டிக்கொண்டு போனேன். அழைப்பிதழை எடுக்குமுன் வாய் முந்திவிட்டது.

"மாமி, வீட்டில வேற ஆரும் இருக்கினமோ?"

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. அவர் அழவில்லை.

"அவனைக் கண்டுபிடிச்சிட்டினமோ தம்பி? எங்க கிடந்தவன்?"

"இல்லை மாமி, இல்லை. பிள்ளைக்குக் கலியாணம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அழைப்பிதழை எடுத்து நீட்டினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வியைத்தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவர் வாசற்படியில் குந்தி நெடுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு அழைப்பிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கட்டாயம் வருவன். ஆனா நீங்கள் இனி இஞ்ச வரவேண்டாம் தம்பி. கோவத்தில சொல்லேல்லை. நீங்கள் வராதவரைக்கும் அவன் எங்கயோ இருக்கிறான் எண்டுதான் நான் இருக்கிறன்."

சொன்னபடி வந்தார். மகளின் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்தினார். என்னோடும் முகம் கொடுத்துக் கதைத்தார்.

கலியாணம் முடிந்த கிழமை மகளும் மருமகனும் அவருக்குப் பலகாரம் கொண்டுபோனார்கள். பெட்டிகள் அதிகம் என்பதால் நானும் கூடப் போனேன். அவர் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் என் பெட்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

"வாங்கோ மாமா" என்றான்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இதில நிக்கிறன்."

ஏன் என்று கேட்டான். வெயிலுக்குள் நடக்க ஏலாது என்று சொல்லிவிட்டு அந்த வெயிலிலேயே நின்றேன். அவருடைய மகன் உயிரோடு இருப்பதற்கு என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.