அத்தானின் மீசையும் முதல் சிலிண்டரும்

என் அக்காவின் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். வெளியே எல்லோருக்கும் மீசைக்காரர், எனக்கு அத்தான். வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. அதில் ஒரு மூலையில் உட்கார்ந்து நான் லாரி சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். அதனால் அவர் வாய்ச்சவடால் ஒன்று விடாமல் என் காதில்தான் விழும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி.

வேலையில் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் எஞ்சினில் பிளக்குகளுக்கு வரிசையாக மின்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டை மாட்டுவதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. பல் சாய்வாக இருப்பதால் தண்டு இறங்கும்போதே கொஞ்சம் திரும்பும். அத்தான் ஒரு பல் முன்னதாக வைத்து விடுவார். உள்ளே போய் உட்காரும்போது கச்சிதமாக இருக்கும்.

ஆனால் அது தனி ஆள் வேலை இல்லை. அக்கா லாரியின் முன்னால் குனிந்து கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றுவாள். அத்தான் முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்திருப்பார். காற்று விரலைத் தள்ளியதும் "வருது" என்பார். எஞ்சின் சக்கரத்தில் உள்ள குறி நேருக்கு வந்ததும் அக்கா நிறுத்துவாள். குறி ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். காற்றோ ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் வரும். குறியை மட்டும் நம்பினால் பொறி தப்பான நேரத்தில் விழும், கதை கந்தல்.

ஒரு நாள் இதே வேலைக்கு லாரியைக் கொண்டுவந்த டிரைவர், அக்கா கைப்பிடி சுற்றுவதைப் பார்த்து, "அக்காவுக்கும் வேலை தெரியுமா?" என்று கேட்டார்.

"அவளா? சும்மா கைப்பிடி சுத்துறவ" என்றார் அத்தான்.

அக்காவின் முகம் சுண்டிப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அதோடு விட்டாரா? "மொத அமுக்குலயே வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா இந்த மீசைய எடுத்துடறேன், பாத்துக்குங்க!" ஓட்டையில் இருக்க வேண்டிய விரல் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் புஸ்ஸென்று காற்று வந்தது. மூலையில் இருந்த எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. அக்கா வாயைத் திறக்காமல் இன்னொரு சுற்று சுற்றினாள். அத்தான் எட்டிப் பார்த்தார். குறி நேராக இருந்தது. "போதும்" என்று சொல்லித் தண்டை இறக்கிவிட்டார்.

நான் அக்காவின் காதைக் கடித்தேன். "தப்பான சுத்துல நிக்குதே, சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சும்மா கைப்பிடி சுத்துறவதானே" என்றாள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் டிரைவர் ஏறி ஸ்டார்ட்டரை அமுக்கினார். அத்தான் பெருமையாக, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டர் மேல் குனிந்து நின்றார். டமார் என்று ஒரு சத்தம், குப்பென்று ஒரு தீ. புகை விலகியபோது அத்தானுக்கு ஒரு காயமும் இல்லை, இடப்பக்க மீசையும் இல்லை.

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தான் முதல் சிலிண்டரைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"காத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

அக்கா கைப்பிடியைச் சுட்டிக் காட்டினாள். அவருக்கே புரிந்துவிட்டது. டிரைவர் பக்கம் திரும்பி, "தப்பு என்னோடதுதான். அவ இல்லாம இந்த வேலை ஓடாது" என்றார். சொல்லிவிட்டுத் தானே போய்க் கைப்பிடி முன்னால் மண்டியிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அக்கா பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வைத்தாள். முதல் காற்று வந்ததும் அவள் விரல் துள்ளியதைப் பார்த்தேன். அவளோ, "இன்னும் சுத்துங்க" என்றாள். வியர்த்துக் கொட்டும் வரை சுற்றவைத்த பிறகுதான் "வருது" என்றாள். அத்தான் தண்டைக் கழற்றி மறுபடி இறக்கினார். இந்த முறை ஒரே அமுக்கில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"மீதி மீசை?" என்று டிரைவர் விடாமல் கேட்டார். அத்தான் சவரக் கத்தியை எடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பாதி உங்க வாயால போச்சு. இந்தப் பாதி நான் வாய மூடிட்டு இருந்ததால போகுது, அதனால நானே எடுக்கிறேன். முகத்தைக் காட்டுங்க."